பதினோரு இலக்கத் தலைவலி

நம்மூரில் தலைவலிக்கு மூன்று கட்ட வைத்தியம். முதலில் ஸ்ட்ராங்காக ஒரு காப்பி. அடங்கவில்லையென்றால் தைலம். அதற்கும் மசியவில்லையென்றால் தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் பத்து ரூபாயை நீட்டி, "அண்ணே, தலைவலிக்கு ரெண்டு குடுங்க" என்பது. அண்ணன் உங்கள் பெயர் கேட்க மாட்டார், ஊர் கேட்க மாட்டார். கத்திரிக்கோலால் பட்டையிலிருந்து ரெண்டு மாத்திரையை நறுக்கென்று வெட்டி, சில்லறை இல்லாததற்கு ஒரு சாக்லேட்டும் சேர்த்துத் தள்ளுவார். வியாபாரம் முடிந்தது. தலைவலியும் முடிந்தால் நம் அதிர்ஷ்டம்.

அமெரிக்காவில் ஆஸ்பத்திரிக்குப் போன ஒருவருக்குத் தலைவலி வந்து, நர்ஸம்மா அதே மாத்திரையைக் கொடுத்தால் கதையே வேறு. கொடுப்பதற்கு முன்னால் அவர் கையில் கட்டியிருக்கிற பட்டையை 'பீப்' என்று ஒரு ஸ்கேன். மாத்திரை உறையை இன்னொரு 'பீப்'. அந்த மாத்திரைக்குப் பதினோரு இலக்கத்தில் ஒரு எண். அந்தத் தலைவலிக்கு ஒரு எண். மாத்திரையை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதற்கு நாலு இலக்கத்தில் ஒரு எண். இத்தனையும் ஒன்றாகக் கட்டப்பட்டு, சென்னையில் ராத்திரி ஒன்றரை மணிக்கு என் கம்ப்யூட்டர் திரையில் வந்து இறங்கும். அடியேன் மெடிக்கல் கோடிங், பில்லிங் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அங்கே வலிக்கிற தலைக்கு இங்கே உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவன்.

இந்த உத்தியோகத்தை உறவுக்காரர்களுக்கு விளக்குவது இருக்கிறதே, அதற்கு மட்டும் எந்தக் கோடும் கிடையாது. 'மெடிக்கல் கோடிங்' என்று சொன்னால் பாதிப் பேருக்கு முதல் வார்த்தை மட்டும் காதில் விழுகிறது. மீதிப் பேருக்கு இரண்டாவது மட்டும். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் அப்பா, "கோடிங்னா ஜாவாவா, பைத்தானா தம்பி?" என்றார். பெண்ணின் மாமா அதற்குள், "மெடிக்கல்னாரே... எந்தக் காலேஜ்ல எம்.பி.பி.எஸ்.?" என்றார். நான் பி.எஸ்ஸி. பயோகெமிஸ்ட்ரி என்றதும் ரெண்டு பேருமே கேசரியை என் பக்கத்திலிருந்து கொஞ்சம் நகர்த்தி வைத்த மாதிரி இருந்தது.

என் சித்தப்பா முதல் வார்த்தை கோஷ்டி. மயிலாடுதுறைப் பக்கம் கிராமம். அவரைப் பொறுத்தவரை நான் 'மெடிக்கல் லைன்'ல இருக்கிற பையன். ஊரில் யாருக்கு எது வந்தாலும் போன் எனக்கு வரும். பசு மாட்டுக்குக் கழிச்சல் வந்தபோதுகூட வந்தது. சித்தப்பா விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்தப் பதினோரு இலக்கம்.

1972-ல் அமெரிக்காவில் ஒரு சட்டம் போட்டார்கள். விற்கிற மருந்து ஒவ்வொன்றையும் கம்பெனிகள் பட்டியல் போட்டு 'எஃப்.டி.ஏ.' என்கிற உணவு, மருந்து இலாகாவிடம் கொடுக்க வேண்டும். அந்தப் பட்டியலில் மருந்துக்கு இருக்கிற எண்தான் 'நேஷனல் டிரக் கோடு', சுருக்கமாக என்.டி.சி. டாக்டர் சீட்டு இல்லாமல் பல்பொடி மாதிரி வாங்கிக்கொண்டு போகிற தலைவலி மாத்திரைக்கும் இது உண்டு.

எண்ணில் மூன்று பகுதி. முதல் பகுதி எந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்லும், அதாவது கம்பெனி. இரண்டாவது எந்தப் பிள்ளை: என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், மாத்திரையா சிரப்பா. மூன்றாவது பிள்ளை இன்றைக்கு என்ன சட்டை போட்டிருக்கிறான் என்பது: 24 மாத்திரை டப்பாவா, 100 மாத்திரை டப்பாவா. அதே மாத்திரைதான், டப்பா மாறினால் எண்ணும் மாறும். அங்கே பேர்போன 'டைலினால்' டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் 50580 என்று ஆரம்பிக்கும். அது அந்த வீட்டு இலக்கம்.

இதுவரை சுகம். கஷ்டம் எங்கே என்றால், எஃப்.டி.ஏ. கொடுக்கிற எண்ணில் இருப்பது பத்து இலக்கம். பில்லில் எழுத வேண்டியதோ பதினொன்று! பத்து இலக்கத்தையும் எல்லோரும் ஒரே மாதிரி பிரிப்பதில்லை. சிலர் 4-4-2. சிலர் 5-3-2. சிலர் 5-4-1. இன்ஷூரன்ஸ்காரனுக்கு மட்டும் 5-4-2 என்றுதான் வேண்டும். எந்தப் பகுதியில் ஓர் இலக்கம் குறைகிறதோ, அதன் தலையில் ஒரு பூஜ்யத்தை வைக்க வேண்டும். 12345-678-90 என்று இருந்தால் 12345-0678-90. அவ்வளவுதான் வித்தை.

ஆனால் டப்பாவின் மேல் பார்கோடு இருக்கிறதே, அதில் இந்தச் சின்னக் கோடுகள் இல்லை. அங்கத்திய மருந்து டப்பாக்களின் பார்கோடு பொதுவாக 3-ல் ஆரம்பிக்கும். பிறகு என்.டி.சி.யின் பத்து இலக்கம், கடைசியில் சரிபார்க்க ஓர் எண். எல்லாம் ஒட்டிக்கொண்டு நிற்கும். எங்கே பிரிப்பது? பள்ளிக்கூடத்தில் தமிழய்யா 'பலகை' என்று எழுதிப் போட்டு, "மரப் பலகையா, பல கையா, சொல்லுடா!" என்று கேட்பாரே, அந்தக் கேள்விதான். பூஜ்யம் இடம் மாறி உட்கார்ந்தால் கிளெய்ம் திரும்பி வரும், அல்லது அந்த எண் வேறு யாருடைய மருந்தாகவோ ஆகிவிடும். பூஜ்யத்துக்கு மதிப்பு கிடையாது என்று சொன்ன கணக்கு வாத்தியாரை ஒரு நாள் எங்கள் ஆபீஸுக்குக் கூட்டிவர ஆசை. ஐந்து இலக்க வீட்டு எண்கள் தீர்ந்துகொண்டு வருகின்றன என்று, 6-4-2 ஆகப் பன்னிரண்டு இலக்கத்துக்குப் போகும் திட்டத்தை எஃப்.டி.ஏ. 2022-ல் முன்வைத்தது. அதைப் படித்த அன்று எங்கள் டீமில் யாரும் டீ குடிக்கப் போகவில்லை.

பில்லில் இந்த எண்ணுக்கு முன்னால் 'என்4' என்று போட வேண்டும், 'அடுத்து வருவது மருந்து எண்' என்று கட்டியம் கூறுகிற மாதிரி. பின்னால் அளவு. மாத்திரையென்றால் எண்ணிக்கை, சிரப் என்றால் மில்லி. இதே மருந்து மாத்திரையாக இல்லாமல் நரம்பில் ஏற்றுகிற மருந்தாகப் போனால் 'ஜே0131' என்று இன்னொரு கோடு இருக்கிறது. அதில் ஒரு யூனிட் என்பது 10 மில்லிகிராம். ஒரு கிராம் ஏற்றினால் 100 யூனிட் என்று எழுத வேண்டும். 1 என்று எழுதினால் பத்து மில்லிகிராமுக்குத்தான் காசு. நோயாளிக்கு வலி போய்விடும், ஆஸ்பத்திரிக்கு வந்துவிடும்.

சரி, இவ்வளவு பாடுபட்டு எழுதுகிறோமே, அந்தச் சாதா மாத்திரைக்குப் பணம் வருமா? அங்கே 65 வயது தாண்டியவர்களுக்கு 'மெடிகேர்' என்று அரசாங்க இன்ஷூரன்ஸ் உண்டு. படுக்கையில் சேராமல் வந்து போகிற நோயாளி தானே வாயில் போட்டுக்கொள்ளக்கூடிய மாத்திரைக்கு அது பொதுவாகப் பணம் தராது. தராது என்பதையும் சும்மா சொல்லிவிட முடியாது. 'தானே சாப்பிடும் மருந்து' என்பதற்கு 0637. 'இதற்குக் காப்பீடு இல்லை' என்பதற்கு ஏ9270. 'சட்டப்படியே இல்லை' என்பதற்கு ஜி.ஒய். என்று ஒரு வால். கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்பதை மூன்று ரிஜிஸ்டர் தபாலில் சொல்கிற மாதிரி.

வலிக்கும் கோடு உண்டு என்றேனே, அதற்கு 2015 அக்டோபர் 1 முதல் அங்கே 'ஐ.சி.டி.-10' என்கிற புத்தகம். தலைவலி என்றால் ஆர்51. வெகு சௌகரியமாக இருந்தது. 2020 அக்டோபரில் அதை ரெண்டாக வெட்டினார்கள். எழுந்து நிற்பதையும் படுப்பதையும் பொறுத்து வருகிற தலைவலி ஆர்51.0, மற்றபடி சாதாத் தலைவலி ஆர்51.9. அதோடு விட்டார்களா? 2021 அக்டோபரில் இடுப்பு வலிக்கு இருந்த எம்54.5-ஐ மூன்றாகப் பிளந்தார்கள். ராத்திரி பூரா நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொண்ட நாங்கள், எங்களுக்கு வந்திருப்பது எந்த இலக்கம் என்று விவாதம் நடத்தினோம். எம்54.50 என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. 'இன்னதென்று குறிப்பிடப்படாத இடுப்பு வலி' என்று அதற்கு அர்த்தம். சம்பளம் மாதிரி, அதுவும் குறிப்பிட்டுச் சொல்லும்படி இல்லை.

நம்பர் போட்டு நம்பர் போட்டு அவர்கள் என்ன சாதித்தார்கள் என்று கேட்கலாம். ஒரு விஷயம் சொல்கிறேன், அதற்கப்புறம் நான் நக்கலைக் குறைத்துக்கொண்டேன். 1982 செப்டம்பர் கடைசியில் சிகாகோ பக்கம் திடீர் திடீரென்று ஆட்கள் செத்து விழுந்தார்கள். ஏழு பேர். எல்லோரும் டைலினால் சாப்பிட்டவர்கள். யாரோ ஒரு பாதகன் கடையிலிருந்த டப்பாக்களைத் திறந்து, காப்ஸ்யூலுக்குள் சயனைடு போட்டு வைத்திருந்தான். முதலில் சிக்கிய டப்பாக்களில் எம்.சி.2880 என்று ஒரே தயாரிப்பு எண் இருந்தது. அந்த எண் போட்டதை எல்லாம் திருப்பிக் கொடுங்கள் என்று முதல் எச்சரிக்கை போனது. பிறகு வேறு எண்களிலும் விஷம் அகப்படவே, நாடு முழுக்க மூன்று கோடியே பத்து லட்சம் டப்பா வாங்கி அழித்தார்கள். விஷம் கலந்தது தொழிற்சாலையில் இல்லை, கடையில்தான் என்று அவர்கள் முடிவுக்கு வரவும் இந்த எண்கள்தான் உதவின: வேறு வேறு எண், வேறு வேறு தொழிற்சாலை, ஆனால் சாவு மட்டும் ஒரே வட்டாரத்தில். கொன்றவன் யார் என்பது நிரூபணமாகவே இல்லை. இன்றைக்கு மருந்து டப்பா மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு தாள் ஒட்டியிருக்கிறதே, அது அந்த வருஷத்துச் சமாசாரம்.

மாத்திரையின் மேலேயே எழுத்துப் பொறிக்க வேண்டும் என்று 1993-ல் விதி போட்டார்கள். வெள்ளையாக, நீளமாக, 'எல்484' என்று பொறித்த மாத்திரையைத் தரையிலிருந்து பொறுக்கி எடுத்தாலும், அது 500 மில்லிகிராம் அசிட்டமினோபென் என்று அங்கே சொல்லிவிடுவார்கள்.

அசிட்டமினோபென்! இந்த வேலைக்கு வந்த புதிதில் இது ஏதோ பயங்கரமான மருந்து என்று நினைத்தேன். நம்ம பாரசிட்டமால்தான் சார். ரசாயனப் பெயர் 'பாரா-அசிட்டைல்-அமினோ-பீனால்'. இத்தனை நீளப் பெயரைக் கவுன்ட்டரில் சொல்லி முடிப்பதற்குள் தலைவலி போய்விடும் என்று ஆளுக்கொரு கத்திரிக்கோல் எடுத்தார்கள். இங்கிலாந்துக்காரன் அங்கங்கே வெட்டி 'பாரசிட்டமால்' என்று ஒட்டினான். அமெரிக்காக்காரன் வேறு இடத்தில் வெட்டி 'அசிட்டமினோபென்' என்றான். ஒரே துணியில் ஒருவன் ஜிப்பா தைத்தான், ஒருவன் சட்டை.

இந்தப் பதினோரு இலக்கத்தோடு வருஷக்கணக்காகக் குடித்தனம் நடத்துகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். யார் செய்தது, எத்தனை மில்லிகிராம், எந்த டப்பா என்பதையெல்லாம் அந்த எண் துல்லியமாகச் சொல்லும். ஆனால் ரெண்டு மாத்திரைகளின் எண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரெண்டும் ஒரே மருந்துதான் என்பது அதில் தெரியாது! கம்பெனி மாறினால் ஐந்து இலக்கம் மாறிவிடும். காய்ச்சல் மாத்திரைக்கு ஓர் எண், சளி மாத்திரைக்குச் சம்பந்தமே இல்லாத இன்னோர் எண். ரெண்டுக்குள்ளேயும் உட்கார்ந்திருப்பது அதே பாரசிட்டமாலாக இருக்கலாம். எண் வித்தியாசத்தைச் சொல்லப் பிறந்தது. ஒற்றுமையைச் சொல்ல அதற்கு வாயில்லை. பில் போடுகிறவனுக்கு அது போதும். விழுங்குகிறவனுக்கு?

இங்கேதான் சித்தப்பா வருகிறார்.

2024 ஐப்பசி. அடைமழை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ராத்திரி ஷிப்ட் தூக்கத்தில் இருந்தேன். சித்தி போன்.

"தம்பி, தூங்குறியாப்பா? உங்க சித்தப்பாவுக்கு மூணு நாளா காய்ச்சல். இன்னைக்கு சோத்தை வாய்க்கிட்ட கொண்டுபோனாலே குமட்டுதுங்கறாங்க. நீ மெடிக்கல்தானே, அந்தக் குமட்டலுக்கு ஒரு மாத்திரை பேரு சொல்லேன்."

"நான் டாக்டர் இல்ல சித்தி. இப்ப என்னென்ன சாப்பிடறாரு?"

"எல்லாம் நல்ல மாத்திரைதான் போட்டுக்கறாங்க."

நல்ல மாத்திரைகளை ஒரு தட்டில் பரப்பி, போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். பெரியப்பா பையன் பக்கத்தில் இருந்ததால் அது நடந்தது. வந்த படத்தில் மூன்று தினுசு.

முதலாவது, ஊர் மெடிக்கல் ஷாப்பில் காய்ச்சலுக்கு வாங்கியது. கடைக்காரர் கத்திரிக்கோல் போட்டு நறுக்கிய துண்டுகள். மருந்துப் பெயர், பேட்ச் நம்பர், காலாவதி தேதி எல்லாம் கடையில் தங்கிவிட்ட பாதியில் இருக்க, நம் வீட்டுக்கு வந்த பாதியில் 'டமால்' என்கிற வால் மட்டும் தெரிந்தது. ஓரத்தில் 650. டமால் என்றால் எது என்று கண்டுபிடிக்க மெடிக்கல் கோடிங் படிக்க வேண்டியதில்லை.

ரெண்டாவது, சளிக்கு. எதிர்வீட்டு மாமி, "என் பையனுக்கு ஒரே நாள்ல நின்னுது" என்று சிபாரிசு செய்தது. பின்பக்கம் எறும்பு எழுத்தில் மூன்று நாலு மருந்துகள். பாரசிட்டமால் 500.

மூன்றாவது, முழங்கால் வலிக்கு மயிலாடுதுறை எலும்பு டாக்டர் முன்பே எழுதிக்கொடுத்தது. அதிலும் எறும்பு எழுத்து. அசிக்ளோபினாக் 100, பாரசிட்டமால் 325.

"எத்தனை வேளை சித்தி?"

காய்ச்சலுக்கு நாலு வேளை. சளிக்கு மூணு வேளை. முழங்காலுக்குக் காலையும் ராத்திரியும். ஒன்றையும் விடவில்லை. சித்தப்பா கூட்டுறவு சொசைட்டியில் கணக்கு எழுதி ரிடையர் ஆனவர், நேரம் தவற மாட்டார்.

நான் படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்தேன். 650-ஐ நாலால் பெருக்கினால் 2,600. 500-ஐ மூன்றால், 1,500. 325 ரெண்டு, 650. கூட்டினால் 4,750 மில்லிகிராம். பெரியவர்களுக்கு இருபத்துநாலு மணி நேரத்தில் 4,000-ஐத் தாண்டக்கூடாது, தாண்டினால் கல்லீரல் கெட்டுப்போகலாம் என்று அமெரிக்க டப்பாக்களின் மேல் கட்டம் கட்டி எச்சரிக்கை போட்டிருக்கும். 'இதே மருந்து உள்ள வேறு எதையும் சேர்த்துச் சாப்பிடாதே' என்றும் போட்டிருக்கும். அமெரிக்காவில் திடீரென்று கல்லீரல் செயலிழந்து போவதற்கு முதல் காரணமே இந்தப் பரம சாதுவான மருந்துதான். சித்தப்பா மூன்று நாளாக அந்தக் கோட்டைத் தாண்டி நடந்துகொண்டிருக்கிறார். இப்போது குமட்டல் வேறு.

"போனை அவர்கிட்ட குடுங்க."

"என்னடா?" என்றார் சித்தப்பா. குரலில் சுரத்தே இல்லை.

"சித்தப்பா, மூணுலயும் இருக்கிறது ஒரே மருந்து. இனிமே எதையும் போடாதீங்க. இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க."

"ஒரே மருந்தா? நான் என்ன சின்னப் புள்ளையா, ஒண்ணையே மூணு தடவை முழுங்க? ஒண்ணு வெள்ளை, ஒண்ணு மஞ்சள், ஒண்ணு ரோஸ். மூணு கலருடா! மூணு வேற வேற வியாதிக்கு!"

அவர் சொன்னதில் தப்பில்லை. அவருக்குத் தெரிந்த அடையாளம் நிறம். கடைக்காரருக்குத் தெரிந்த அடையாளம் அட்டைப்பெட்டி. எனக்குப் பதினோரு இலக்கம். மூன்று பேரில் யாருடைய கணக்கிலும் அவை ஒரே மாத்திரை ஆகாது.

எங்கள் புத்தகத்தில் எல்லாப் பிராண்டும் எல்லா நிறமும் ஒரே வரிசையில் வந்து சேருகிற ஓர் இடம் உண்டு. டி39.1. நஞ்சாகிப் போனதற்கான கோடு. அங்கே கம்பெனி கிடையாது, டப்பா கிடையாது, '4-அமினோபீனால் வகை' என்று மருந்தின் குலப்பெயர் மட்டும். முழுசாக எழுதினால் டி39.1எக்ஸ்1ஏ. நடுவில் வருகிற எக்ஸ், பஸ் சீட்டில் இடம் பிடிக்கப் போட்ட துண்டு மாதிரி; அதற்கு வேறு அர்த்தம் இல்லை. அடுத்த 1, 'தெரியாமல் நேர்ந்தது'. கடைசி ஏ, 'சிகிச்சை இப்போதுதான் நடக்கிறது'. எத்தனையோ ராத்திரிகளில் முகம் தெரியாதவர்களுக்கு இதை டைப் அடித்திருக்கிறேன். அந்த ஏழு எழுத்துக்கு எதிரே சித்தப்பாவின் பெயரை வைத்துப் பார்க்க முடியவில்லை.

"மழை விடட்டும், நாளைக்குப் போறேன்" என்றார்.

"மழையில நனைஞ்சா காய்ச்சல்தான் சித்தப்பா வரும். இது கல்லீரல்."

இதில் ஒரு பொல்லாத்தனம் இருக்கிறது, தெரிந்துகொள்ளுங்கள். இந்த மருந்து அதிகமானால் முதல் நாள் பெரிதாக எதுவும் தெரியாது. கொஞ்சம் குமட்டல், கொஞ்சம் அசதி, சில பேருக்கு அதுவும் இல்லை. உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும். மாற்று மருந்து இருக்கிறது, என்-அசிட்டைல் சிஸ்டீன் என்று பெயர். ஒரேயடியாக நிறையச் சாப்பிட்டவருக்கு எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் நன்றாகக் காப்பாற்றும். நேரம் ஆக ஆகப் பலன் குறையும். ஆகவே 'பார்க்கலாம், ஏதாவது செய்தால் போகலாம்' என்பது இந்த விஷயத்தில் உதவாது.

பெரியப்பா பையன் கார் பிடித்தான். மூன்று மாத்திரையையும், நறுக்கிய துண்டுகள் உள்பட, ஒரு கவரில் போட்டுக் கையோடு கொண்டுபோகச் சொல்லியிருந்தேன். டியூட்டி டாக்டர் கவரைக் கொட்டிப் பார்த்துவிட்டு, "இதைக் கொண்டாந்தீங்களே, நல்ல காரியம்" என்றாராம். ரத்தம் எடுத்தார்கள். கல்லீரல் கணக்கில் ஒன்று இருக்கவேண்டிய அளவைத் தாண்டியிருந்தது; ரொம்ப ஏறவில்லை. ரெண்டு நாள் படுக்க வைத்து, தினமும் ரத்தம் பார்த்தார்கள். அந்த ரெண்டு ராத்திரியும் நான் ஆபீஸில் எத்தனை பூஜ்யத்தை எங்கே வைத்தேன் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். சக ஊழியர் ஒருவர் என் கிளெய்ம்களை எல்லாம் தானே வாங்கிச் சரிபார்த்தார். அடுத்த வாரம் பார்த்ததில் எண் இறங்கிவிட்டது. காய்ச்சல் அதற்கு முன்பே போய்விட்டிருந்தது, யாருக்கும் சொல்லாமல்.

நம்மூரில் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. மருந்தின் பொதுப்பெயரை பிராண்ட் பெயரைவிடப் பெரிய எழுத்தில் போட வேண்டும் என்று 2018-ல் விதி வந்தது. ஆனால் ரெண்டு மூன்று மருந்து சேர்ந்த கூட்டணி மாத்திரையில் அத்தனை பெயரையும் எழுதி, விலையும் எழுதி, எச்சரிக்கையும் எழுதினால் பட்டையில் எறும்புக்கே இடமில்லை. 2023 ஆகஸ்ட் 1-லிருந்து அதிகம் விற்கிற 300 பிராண்டுகளுக்கு பார்கோடோ க்யூ.ஆர். கோடோ கட்டாயம். செல்போனைக் காட்டினால் பொதுப்பெயர், பேட்ச் நம்பர், காலாவதி தேதி எல்லாம் வரவேண்டும். நம் வீடுகளில் இருக்கிற முக்கியமான காய்ச்சல் மாத்திரைகள் அந்தப் பட்டியலில் உண்டு. நல்ல ஏற்பாடு. பட்டையில் இடம் போதாவிட்டால் வெளி அட்டைப்பெட்டியில் போட்டுக்கொள்ளலாம் என்றும் விதியில் இருக்கிறது. நாம் வாங்குவது ரெண்டு மாத்திரை. அட்டைப்பெட்டி கடையில்.

பேச்சிலர் ரூம் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. சனிக்கிழமை ராத்திரி 'சின்னதாக ஒரு பார்ட்டி', ஞாயிற்றுக்கிழமை காலை தலையைப் பிடித்துக்கொண்டு ரெண்டு மாத்திரை, மத்தியானம் ரூம்மேட் கொடுத்த சளி மாத்திரை என்று ஓட்டுகிற கனவான்களை எனக்குத் தெரியும். அமெரிக்க டப்பா எச்சரிக்கையில் மூன்றாவதாக ஒரு வரி இருக்கிறது: இந்த மருந்து சாப்பிடுகிற காலத்தில் தினமும் மூன்று கிளாஸோ அதற்கு மேலோ மது குடிக்கிறவர்களுக்குக் கல்லீரல் ஆபத்து. கல்லீரல் ஏற்கெனவே பழுதானவர்களுக்கு 4,000 என்பதும் அதிகம். எவ்வளவு என்று டாக்டரைத்தான் கேட்க வேண்டும். எங்கள் ரூமில் மாத்திரை டப்பாவில் கைவிடுகிறவன், சாப்பிட்ட மில்லிகிராமைக் காலண்டர் தாளில் எழுதிவிட்டுத்தான் தண்ணீர் குடிக்கவேண்டும் என்று வைத்திருக்கிறோம். பால் கணக்குக்குப் பக்கத்தில்.

சித்தி வேறு ஏற்பாடு செய்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே கறுப்பு மார்க்கர் பேனா ஒன்று வாங்கி, போனில் எனக்கு ஒவ்வொரு பட்டையாக எழுத்துக்கூட்டிப் படித்து, எதிலெல்லாம் பாரசிட்டமால் இருக்கிறதோ அதிலெல்லாம் 'பா' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டார். வெள்ளையில் பா, மஞ்சளில் பா, ரோஸில் பா. ஒரு நேரத்துக்கு ஒரு 'பா'தான் வாய்க்குள் போகலாம், அதுவும் டாக்டர் சொன்னால். பதினோரு இலக்கத்தால் முடியாததை ஓர் எழுத்தில் முடித்துவிட்டார். மெடிக்கல் ஷாப்பிலும் போய், "பேரு இருக்கிற பக்கத்தைக் குடுங்க" என்று நின்றிருக்கிறார். "எல்லாரும் பேரு பக்கமே கேட்டா, மிச்சப் பக்கத்தை நான் யாருக்கும்மா விக்கிறது?" என்று கடைக்காரர் அழாத குறை. கடைசியில் முழுப் பட்டையாகவே கொடுத்து அனுப்பினாராம்.

போன வாரம் சித்தப்பா பேசினார். குரலில் பழைய தெம்பு.

"டேய், உங்க சித்தி தைலப் புட்டியிலயும் 'பா' போட்டு வெச்சிருக்காடா! தைலத்துல ஏதுடா பாரசிட்டமால்?"

"கிடையாதே சித்தப்பா. கேட்டீங்களா?"

"கேட்டேனே. 'பாத்துத் தடவுங்க'ன்னு அர்த்தமாம்!"